ஆங்கிள் அண்ணன்

சென்னையில் எந்த மெல்லிசைக் குழுவை எடுத்துக்கொண்டாலும் அதில் ஓர் ஆங்கிள் அண்ணன் இருப்பார். கல்யாண ரிசப்ஷன், ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழா, அப்பார்ட்மென்ட் பொங்கல் விழா என்று எங்கே மேடை போட்டாலும், ஓரமாக எலக்ட்ரிக் கிட்டாரோடு நிற்பவர் அவர்தான். அடையாளம் சுலபம். உடம்பின் பாரம் முழுவதையும் இடது காலில் இறக்கியிருப்பார். வலது தொடை லேசாக உயர்ந்து, கிட்டாரின் விளிம்பில் செருகிய கேபிள் பின்னை அணைத்துப் பிடித்திருக்கும். கண்கள் பாதி மூடியிருக்கும். இசையில் லயித்துவிட்டார் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். குழுவில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரியும். ஜாக் லூஸ். தொடை இறங்கினால் கிட்டாரின் சத்தமும் இறங்கிவிடும்.

அந்தக் கோணத்தைக் கச்சேரிக்குக் கச்சேரி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். நேற்றைய கோணம் இன்றைக்கு உதவாது. மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் முடிக்கிற சவுண்ட் செக் அண்ணனுக்கு மட்டும் அரை மணி நேரம் ஓடும்.

"இப்ப வருதா பாரு."

"வரலண்ணே."

"இப்ப?"

"கர்ருங்குதுண்ணே."

"ஆங்... இப்ப?"

"வந்துச்சு, வந்துச்சு!"

"அப்டியே இரு. யாரும் இந்தப் பக்கம் வராதீங்க."

மாப்பிள்ளையின் சித்தப்பா கைகுலுக்க வந்தால்கூட அண்ணன் கை கொடுக்க மாட்டார். தலையை மட்டும் அசைப்பார். வித்துவச் செருக்கு என்று சித்தப்பா போய்ச் சொல்வார்.

அண்ணனிடம் கிட்டார் கற்றுக்கொண்ட பையன்கள் சிலர் உண்டு. விரல் வித்தை வந்ததோ இல்லையோ, அந்த நிலை மட்டும் அத்தனை பேருக்கும் அச்சு அசலாக வந்துவிட்டது. அவர்களில் ஒருவன் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர் வாங்கிவிட்டான். அவனுக்குக் கேபிளே கிடையாது. இருந்தும் இடது காலில்தான் நிற்கிறான். கேட்டால் "குரு பாணி" என்கிறான்.

அண்ணனைக் கஞ்சன் என்று சொல்லிவிட முடியாது. கிட்டாருக்கு 60,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தவர். எஃபெக்ட்ஸ் பெடல் வாங்கிய மாதம் அண்ணியின் வளையல் அடகுக்கடைக்குப் போய்த் திரும்பியது. தந்தி வாங்கினால் வெளிநாட்டுத் தந்திதான். நூறு இருநூறு ரூபாயில் முடிகிற ஜாக்கை மாற்றச் சொன்னால் மட்டும் முகம் சுருங்கும். "அதுக்கு இன்னாப்பா, நல்லாத்தானே ஓடுது" என்பார். ஓடிக்கொண்டிருப்பது அவர் தொடை என்பதை எடுத்துச் சொல்லக் குழுவில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

இத்தனைக்கும் கோளாறு அற்பமானது. அந்த 60,000 ரூபாயின் சத்தம் முழுவதும் 6.35 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். 19-ஆம் நூற்றாண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில், ஆபரேட்டர்கள் நாள் முழுக்கச் செருகுவதற்கும் உருவுவதற்கும் என்று வந்த அமைப்பு அது. எவ்வளவு செருகினாலும் சலிக்காது. ஆனால் எந்த ஆபரேட்டரும் அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு குத்துப்பாட்டுக்கு ஆடியதில்லை.

பின்னின் நுனி சிக்னலைக் கொண்டுபோகும். அதன் உடல் எர்த். நுனியைக் கவ்வ ஜாக்குக்குள் வளைந்த தகடு ஒன்று இருக்கும். ஜாக்கைக் கிட்டாரோடு இறுக்கிப் பிடிக்க வெளியே ஒரு நட்டு, உள்ளே ஒரு பல் வாஷர். கேபிள் இழுபட இழுபட நட்டு நெகிழும். அண்ணன் கட்டிங் பிளேயரை எடுத்து நட்டை மட்டும் திருகுவார். வெளியே நட்டு சுற்ற, உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுற்றும். அதில் பற்றவைத்த இரண்டு ஒயர்களும் முறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு இழையாக அறும். ஜாக்கின் உடலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் நட்டைத் திருக வேண்டும் என்பதுதான் இதில் முதல் பாடம். அன்றைக்கு அண்ணன் வகுப்புக்கு வரவில்லை.

கிட்டாருக்குக் கிட்டார் இந்த வியாதி வேறுபடும். அண்ணன் பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொண்டே இருப்பவராதலால் எல்லா வகையையும் அனுபவித்திருக்கிறார். டெலிகாஸ்டர் வகைக் கிட்டாரில் ஜாக் ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தக் கிண்ணத்தை மரத்தோடு பிடித்திருப்பது ஒரு கிளிப். 1950-களின் தொடக்கத்திலிருந்து வரும் ஏற்பாடு அது. கிளிப் பிடி விட்டதும் கிண்ணம் ஆடத் தொடங்கியது. அண்ணன் சுற்றிலும் தீக்குச்சி செருகினார். அடுத்து வாங்கிய லெஸ் பால் வகையில் ஜாக்கின் சதுர பிளாஸ்டிக் தகடு விரிசல் விட்டது. உலோகத் தகடு வாங்கி மாட்டினால் தீர்ந்தது. அண்ணன் கறுப்பு டேப் சுற்றினார், அதன் மேல் இன்னொரு சுற்று, அதன் மேல் இன்னொன்று. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் மேல் முகத்தில் படகு வடிவக் குழிக்குள் ஜாக் சாய்ந்திருக்கும். அங்கே நேரான பின்தான் ஒழுங்காக உட்காரும். அண்ணனிடம் இருந்ததெல்லாம் எல் பின்.

உச்சக்கட்டம் அந்த செமி ஹாலோ கிட்டார். 1958-ல் கிப்ஸன் கொண்டுவந்த ஈஎஸ்-335 வகையில் ஜாக் மேல் பலகையிலேயே இருக்கும். நட்டு கழன்றால் ஜாக் கிட்டாரின் வயிற்றுக்குள் விழுந்துவிடும். ஜாக் துளை வழியாக ஒரு கயிற்றை உள்ளே விட்டு, எஃப் வடிவத் துளை வழியாக அதன் முனையை வெளியே இழுத்து, அதில் ஜாக்கைக் கட்டி மறுபடி அதன் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பொறுமை இருந்தால் ஒரு மாலையில் முடிகிற வேலை. அண்ணன் கிட்டாரை ஆட்டிப் பார்த்தார். உள்ளே கடகடவென்று கேட்டது. "ஷேக்கருக்குத் தனியா ஆள் வேணாம்ப்பா" என்றார்.

நுனிப் பக்கத்து ஒயர் அறுந்தால் கிட்டார் ஊமையாகிவிடும். குழுவுக்குக் கொஞ்சம் நிம்மதி. எர்த் ஒயர் அறுந்தால்தான் கூத்து. மேடையைச் சுற்றியிருக்கும் சீரியல் லைட், ஜெனரேட்டர், வீடியோகாரரின் விளக்கு அத்தனையின் முனகலையும் கிட்டார் வாங்கி ஆம்ப்ளிஃபயரில் கொட்டும். நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. மேற்கத்திய கணக்கில் அது ஜி சுரத்துக்கு மிகப் பக்கத்தில், கால் சுரத்துக்கும் குறைவான ஏற்றத்தில் நிற்கிறது. ஆகவே பாட்டு ஜி-யில் இருந்தால் தம்பூரா வைத்துக்கொள்ளாமலே சுருதி கிடைத்துவிடும். அமெரிக்காவில் மின்சாரம் 60 சுற்று. பி ஃப்ளாட்டுக்கும் பி-க்கும் நடுவில் விழும். எந்தப் பாட்டுக்கும் சேராது. அந்த வகையில் தமிழ்நாட்டில் பிறந்தது ஆங்கிள் அண்ணனின் அதிர்ஷ்டம்தான்.

சத்தம் நின்றுபோனால் அண்ணன் குற்றம் சாட்டுவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் ஜெனரேட்டர். பிறகு மைக் செட்காரர். அதற்குப் பிறகு மண்டபத்து வோல்டேஜ், கடற்காற்று, புதிதாக வந்த டிரம்மர். எல்லாம் தீர்ந்தபின் கண் திருஷ்டி. ஆம்ப்ளிஃபயரின் கைப்பிடியில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துக் கட்டியிருப்பார். கச்சேரிக்குக் கச்சேரி எலுமிச்சை மாறும். ஜாக் மாறாது.

மற்றவர் கருவியில் கோளாறு வந்தாலும் வைத்தியம் ஒன்றுதான். பேஸ் கிட்டார்காரர் ஒருநாள் மேடையில் திகைத்து நின்றார். அவருடையது ஆக்டிவ் பேஸ். கேபிள் செருகியிருக்கும் நேரமெல்லாம் உள்ளே 9 வோல்ட் பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். முந்தைய இரவு கேபிளை உருவாமல் தூங்கிவிட்டார். பேட்டரி காலி. அண்ணன் கரிசனத்தோடு கிட்டே போய்க் காதில் சொன்னார்: "ஆங்கிள் பாத்தியா?"

கோளாறு கேபிளிலா, ஜாக்கிலா என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். நல்லதென்று தெரிந்த வேறொரு கேபிளை அதே கிட்டாரில் செருகிப் பார்க்க வேண்டும். கரகரப்பு போய்விட்டால் பழைய கேபிள் குற்றவாளி, போகாவிட்டால் ஜாக். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். நுனிக்கும் நுனிக்கும் வைத்தால் பீப் அடிக்க வேண்டும், உடலுக்கும் உடலுக்கும் வைத்தால் அடிக்க வேண்டும், நுனிக்கும் உடலுக்கும் வைத்தால் அடிக்கக் கூடாது. கேபிளை ஆட்டிக்கொண்டே பார்த்தால் எந்த இடத்தில் விட்டுவிட்டு வருகிறது என்பதும் தெரியும். கீபோர்டு தம்பி மல்டிமீட்டரோடு கிட்டே வந்தால் போதும், அண்ணனுக்கு உடனே டீ குடிக்க வேண்டும்.

ஏன் என்று கீபோர்டு தம்பிக்குத்தான் முதலில் உறைத்தது. அவன் வேலை பக்கத்திலேயே நின்று கேட்பது. அண்ணனின் ஜாக் கண்ட நேரத்தில் விட்டுப்போவதில்லை. கார்டு மட்டும் அடித்துக்கொண்டு போகிற பாட்டுகளில் தொடை அசையவே அசையாது. இளையராஜா பாட்டு ஒன்றின் இரண்டாவது இன்டர்லூடு, கிட்டார் தனியாக ஓடவேண்டிய அந்த நாலு வரி, நெருங்கும்போது மட்டும் தொடை தானாக இறங்கும். கர்ர். அண்ணன் ஜெனரேட்டர் பக்கம் திரும்பி முறைப்பார். புல்லாங்குழல்காரர் அந்த நாலு வரியை வாசித்துத் தள்ளுவார். இன்டர்லூடு முடிந்து சரணம் வந்ததும் கிட்டாருக்கு உயிர் வந்துவிடும். எந்த ஊரில் கச்சேரி நடந்தாலும் இந்த முறை மாறவில்லை.

அண்ணனின் கேபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரே தயாரித்தது. வீட்டில் கிடந்த ஸ்பீக்கர் ஒயரில் இரண்டு பக்கமும் பின் வைத்துப் பற்றவைத்தது. நீளம் முப்பது அடிக்கு மேல். ஸ்பீக்கர் ஒயருக்குள் இருப்பவை இரண்டு செம்புக் கம்பிகள், அவ்வளவுதான். மேலே கவசம் கிடையாது. கிட்டார் கேபிள் என்றால் நடுவில் சிக்னல் கம்பி, அதைச் சுற்றி மின்காப்பு, அதன் மேல் மின்கடத்தும் பிளாஸ்டிக் உறை, அதற்கும் மேல் நெருக்கமான செம்புப் பின்னல் இருக்க வேண்டும். பின்னல்தான் வெளி இரைச்சலை எர்த்துக்குத் திருப்பும். பிளாஸ்டிக் உறை, கேபிளை மிதித்தாலும் தட்டினாலும் வருகிற தொம்தொம் சத்தத்தை அடக்கும். நீளத்துக்கும் விலை உண்டு. பேட்டரி இல்லாத சாதாரணக் கிட்டாரின் சிக்னல் மெலிந்தது. ஒவ்வொரு மீட்டர் கேபிளும் சுமார் 100 பிகோஃபாரட் மின்தேக்கத்தை அதன் தலையில் ஏற்றும். நீளம் கூடக் கூட உச்ச ஒலியின் மினுமினுப்பு மங்கும். 6 மீட்டருக்குள் மேடை வேலை முடிந்துவிடும். அண்ணன் பந்தியை எட்டிப் பார்க்க வசதியாக நீளம் வைத்திருந்தார்.

கச்சேரி முடிந்ததும் அந்தக் கேபிளை உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகக் கொடிக்கயிறு சுற்றுவதுபோல் சுற்றி, ஒரு முடிச்சும் போட்டு வைப்பார். செம்பு இழைகள் அப்படித்தான் ஒவ்வொன்றாக முறியும். கேபிள் எந்தப் பக்கம் வளைய விரும்புகிறதோ அந்தப் பக்கமே பெரிய வளையங்களாக விட்டால், வருஷக்கணக்கில் உழைக்கும்.

இதற்கு நேர் எதிரான ஆசாமியும் உண்டு. அண்ணனின் அக்கா மகன்தான். கேபிளுக்கு மட்டும் கிட்டாரின் பாதி விலை கொடுத்தவன். தங்க முலாம் பூசிய பின், மேலே துணி உறை, எந்தப் பக்கம் கிட்டாருக்கு என்று காட்டும் அம்புக்குறி. தங்கம் கறுக்காது, அதனால் மெரினாக் காற்றில் நல்லதுதான், சத்தம் தங்கமாகாது. ஒருநாள் அவன் அறியாமல் கேபிளைத் திருப்பிச் செருகிவிட்டார்கள். கச்சேரி முழுக்கப் பரவசமாக வாசித்தான். கழற்றும்போது அம்புக்குறியைப் பார்த்துவிட்டு, "அதான் பாத்தேன், ஒரு மாதிரி இருந்துச்சு" என்றான். மாமனுக்கும் மருமகனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

வாங்கத் தெரிந்தவர் மைக் செட் பாய். ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் முதலில் பின்னின் மூடியைத் திருகுவார். கழன்றால் கையில் எடுப்பார். வார்த்து ஒட்டியதாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். "தொறக்க முடியாதத பத்தவைக்க முடியாது. பத்தவைக்க முடியாதது குப்பைக்குத்தான்" என்பார். உள்ளே கேபிளின் கழுத்தைக் கவ்வும் பிடி இருக்கிறதா என்று பார்ப்பார். அது இல்லாவிட்டால் இழுவை முழுவதும் ஈயத்தின் மேல் விழும். கேபிளை விரலில் வளைத்து, விறைத்து நின்றால் வைத்துவிடுவார். கடையில் ஆம்ப்ளிஃபயர் இருந்தால் கிட்டாரைச் செருகி, வால்யூமைத் திறந்து, தந்திகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு கேபிளைத் தரையில் தட்டுவார். தொம் என்றால் வேண்டாம். நியூட்ரிக், ஸ்விட்ச்கிராஃப்ட் பின்களும் கனாரே கேபிளும் அவர் கைக்குப் பழக்கம். பணம் இல்லாத மாதம் "பி-38 மோனோ, உலோக மூடி" என்று கேட்டு வாங்கி ஒழுங்காகப் பற்றவைத்தாலும் காலம் ஓடும் என்பார்.

பாய் பல வருஷமாகப் பழி சுமந்தவர். வடபழனியில் ஒரு ரிசப்ஷன் முடிகிற நேரம், அண்ணன் கடைசிப் பந்திக்குப் போய்விட்டார். பாய் கீபோர்டு தம்பியைப் பார்த்தார். தம்பி பாயைப் பார்த்தான். இருவரும் கிட்டாரைப் பார்த்தார்கள்.

கிட்டாரைத் துண்டின் மேல் கவிழ்த்து, கறுப்பு டேப்பைப் பிரிக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. உள்ளிருந்து ஒரு தீக்குச்சியும், பின் இறுகட்டும் என்று திணித்த சிகரெட் பெட்டி ஈயத்தாளும் வந்தன. சதுரத் தகட்டின் நாலு திருகாணியைக் கழற்றி ஜாக்கை வெளியே இழுத்தார் பாய். இரண்டு ஒயரும் ஒன்றையொன்று பின்னிக் கிடந்தன. எர்த் ஒயரில் மிச்சமிருந்தவை இரண்டே இழை. பல் வாஷரைக் காணோம்.

"எங்கண்ணே அது?"

"உபரினு தூக்கிப் போட்ருப்பாரு."

பாய் தன் பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினார். முறுக்கைப் பிரித்து, நைந்த முனைகளை வெட்டி, உறையைச் சீவி, இழைகளை முறுக்கி ஈயம் பூசினார். 25 வாட் சால்டரிங் அயர்ன் சூடேறியதும் ஜாக்கின் காதைத் தொட்டார். காது சூடான பிறகே ஈயத்தைக் காட்டினார். ஈயம் ஓடிப் பளபளவென்று படிந்தது. ஆறும்வரை மூச்சுக்கூட விடாமல் பிடித்திருந்தார்; ஆறும்போது அசைந்தால் மேலே மங்கலாகி, உள்ளே ஒட்டாமல் நிற்கும். நுனியைக் கவ்வும் தகட்டை நகத்தால் ஒரு நூல் உள்ளே வளைத்தார். பஞ்சில் ஆல்கஹால் தொட்டு ஜாக்கின் உள்பக்கத்தைத் துடைத்தார், பஞ்சு கறுத்தது. கடைசியாக, ஜாக்கின் உடலை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, ஸ்பேனரால் நட்டுக்குக் கால் திருப்பு. பின்னைச் செருகினார். டக். அந்தச் சத்தத்தை அந்தக் கிட்டார் கேட்டு எத்தனை காலமோ. தன் பெட்டியிலிருந்த நல்ல கேபிளையே மாட்டி, அதைத் தோள்வார் இடுக்கு வழியாக ஒரு வளைவு விட்டு வைத்தார். இனி யார் கேபிளை மிதித்தாலும் வார்தான் இழுபடும், ஜாக் இழுபடாது.

அண்ணன் பீடாவோடு வந்தார். நேயர் விருப்பம் இரண்டு பாட்டு பாக்கி. கிட்டாரை மாட்டினார், இடது காலில் இறங்கினார், தொடையை உயர்த்தினார். சத்தம் வந்தது. தொடையை இறக்கினார். வந்தது. நடந்து பார்த்தார், குதித்தும் பார்த்தார். சத்தம் நிற்கவில்லை. "யார்ரா கை வெச்சது?" என்று கேட்ட குரலில் நன்றியின் சாயல் சற்றும் இல்லை.

பாடகி அறிவித்தார்: இளையராஜா பாட்டு. அந்தப் பாட்டேதான். இரண்டாவது இன்டர்லூடு வந்தது. புல்லாங்குழல்காரர் வழக்கப்படி குழலை எடுத்தவர், கிட்டார் கேட்கவே குழலைக் கீழே வைத்துவிட்டார். மண்டபம் முழுக்க, துளி இரைச்சல் இல்லாமல், துல்லியமாக, அண்ணனின் நாலு வரியும் கேட்டன. ஒவ்வொரு தப்பும் தனித்தனியாகக் கேட்டது. சமையற்கட்டிலிருந்து ஒருவர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். அண்ணன் ஜெனரேட்டர் பக்கம் திரும்பினார். அது பழுதின்றி ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த கச்சேரி திருவொற்றியூரில். அண்ணன் சீக்கிரமே வந்து கிட்டாரை மடியில் வைத்து, வால்யூம் குமிழை மேலும் கீழும் திருகிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு திருப்புக்கும் மெல்லிய கரகரப்பு. முகத்தில் தெளிவு வந்திருந்தது.

"பாத்தியாப்பா? இன்டர்லூடுக்கு வால்யூம் ஏத்தும்போது கரெக்ட்டா இங்க கட் ஆவுது."

குமிழுக்கு அடியில் தூசி. கான்டாக்ட் கிளீனரை உள்ளே ஒரு பீச்சு பீச்சி, குமிழை முன்னும் பின்னும் நாலு தடவை திருகினால் போய்விடும். கீபோர்டு தம்பி பாயின் பெட்டியிலிருந்த டப்பாவுக்குக் கை நீட்டினான். பாய் பெட்டியை மூடினார்.

"வுடு தம்பி. மனுஷனுக்கு அதுவாச்சும் இருக்கட்டும்."